‘வீடியோ கேம் மாதிரி இருக்கு’ன்னா, எந்த கேம் சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் உங்க பேப்பரோட ரொம்ப நாள் வாசகன். வீட்டுக்கு பேப்பர் வந்ததும் அப்பா முன்பக்கத்த உருவிக்குவார், சினிமா பக்கம் எனக்கு, இருபத்தஞ்சு வருஷமா எங்களுக்குள்ள இதான் ஒப்பந்தம். லெட்டர் எழுதுறது இதான் மொத தடவ. எழுத்துத் தமிழ்ல ஆரம்பிச்சா நாலு வரிக்கு மேல ஓட மாட்டேங்குது, அதனால பேசுற மாதிரியே எழுதுறேன், நீளமா இருந்தா வெட்டிக்கோங்க, கான்ட்ராங்கிற கேம் பத்தி இருக்குற பாராவ மட்டும் வெட்டிடாதீங்க ப்ளீஸ்.

போன வெள்ளிக்கிழமை உங்க விமர்சகர் ஒரு ஆக்‌ஷன் படத்த வறுத்து எடுத்திருந்தார். வறுக்கட்டும், நானும் அந்தப் படத்துக்கு போனேன், டிக்கெட் காசு பார்க்கிங் காசு பாப்கார்ன் காசு எல்லாம் சேர்த்து இன்னும் வயிறு எரியுது. ஆனா கடைசி வரில, மொத்தத்துல இது சினிமா இல்ல வீடியோ கேம்னு முடிச்சிருந்தார் பாருங்க, அங்க தான் எனக்கு சுருக்குனு ஆகிடுச்சு. அவர் ஒருத்தர மட்டும் சொல்லல, நானும் ரொம்ப வருஷமா பாத்துட்டு இருக்கேன், கிராஃபிக்ஸ் மட்டமா இருந்தா வீடியோ கேம் மாதிரி, ஹீரோ ஒத்த ஆளா நூறு பேர பந்தாடுனா வீடியோ கேம் மாதிரி, கதைனு ஒண்ணு இல்லனா வீடியோ கேம் மாதிரி, காது கிழியுற சத்தம்னா அதுவும் வீடியோ கேம் மாதிரி. எந்த கேம் சார்? யாராவது ஒருத்தர் ஒரே ஒரு தடவ கேம் பேர சொல்லிட்டு திட்டிருந்தா கூட நான் சும்மா இருந்திருப்பேன்.

எங்க வீட்டுக்கு டிவி கேம் வந்தது நான் நாலாப்பு படிக்கும்போது. மாமா ஊர்ல இருந்து வரும்போது வாங்கிட்டு வந்தார், ரெண்டு ஜாய்ஸ்டிக், ஒரு மஞ்ச கலர் கேசட்டு, மேல ஆயிரத்துச் சொச்சம் கேம் இருக்குனு போட்டிருக்கும், போட்டுப் பாத்தா அதே பத்து கேம் தான் வேற வேற பேர்ல சுத்தி சுத்தி வரும். ஓடலனா கேசட்ட உருவி வாய்ல வச்சு ஃபூனு ஊதிட்டு திரும்ப சொருகணும், அடாப்டர் தோசக்கல்லு மாதிரி சுட்டுச்சுனா அரை மணி நேரம் ஆஃப் பண்ணி வைக்கணும், இல்லனா அம்மா வந்து வயரையே புடுங்கிருவாங்க. அந்த கேசட்டுல மொத கேமே கான்ட்ரா தான். ஜப்பான்ல கோனாமி கம்பெனிக்காரங்க 1987-ல காயின் போட்டு ஆடுற மெஷினுக்கு பண்ணுனது, அடுத்த வருஷம் வீட்டு டிவிக்கு வந்துச்சு. அதோட அட்டைப்படத்த எப்பயாச்சும் பாத்தா நல்லா உத்துப் பாருங்க, துப்பாக்கியோட நிக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தர் அர்னால்டு ஜாடை, இன்னொருத்தர் ஸ்டாலோன் ஜாடை. அதாவது கேம்காரங்க அப்பவே சினிமா பாத்து தான் கேம் பண்ணிருக்காங்க, ரெண்டும் பங்காளிங்க.

கான்ட்ரால மூணு லைஃப். எதிரி குண்டு ஒண்ணே ஒண்ணு பட்டா ஆள் காலி. தோள்ல உரசிட்டு போறது, ஹீரோயின் துப்பட்டாவ கிழிச்சு கட்டுறது, அந்தக் கதையெல்லாம் அங்க கெடையாது. எஸ்னு எழுத்து போட்டு ஒரு துப்பாக்கி பறந்து வரும், அத எடுத்தா குண்டு விசிறி மாதிரி விரிஞ்சு போகும், அது கைல இருக்குற வரைக்கும் நீங்க ராஜா, செத்தா அதுவும் போயிரும், மறுபடி பிச்சக்காரன் மாதிரி பொடி துப்பாக்கியோட ஆரம்பிக்கணும். நானும் எங்க அக்காவும் சேர்ந்து ஆடுவோம். மூணாவது ஸ்டேஜ் அருவி, கீழ இருந்து பாறைக்கு பாறை தாவி மேல ஏறிட்டே போகணும், ஸ்கிரீனும் கூடவே மேல போகும், அதுல என்ன கொடுமைனா ஒருத்தர் வேகமா மேல ஏறிட்டா கீழ நிக்கிறவர் ஸ்கிரீனுக்கு வெளிய போயி செத்துருவார். எதிரி சுட்டு செத்தத விட அக்கா ஏறி செத்தது தான் எனக்கு ஜாஸ்தி. ‘மெதுவா போ மெதுவா போ’னு கத்துவேன், அவ காதுல வாங்கவே மாட்டா, கடைசில ஜாய்ஸ்டிக்க தூக்கிப் போட்டுட்டு அழுதுட்டே அம்மாகிட்ட போவேன். ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் அவ ஒரு பாறைல நின்னு எனக்காக வெயிட் பண்ணுனா. ஒண்ணும் பேசல, குதிக்காம நின்னா, அவ்ளோ தான். அந்த அருவிய அன்னைக்கு தான் தாண்டுனோம். அண்ணன் தங்கச்சி பாசத்துல எத்தனையோ படம் பாத்து அழுதிருக்கேன், ஆனா அக்கா தம்பினா எனக்கு இன்னைக்கும் அந்தப் பாறை தான் கண்ணுக்குள்ள வருது.

இப்ப உங்க விமர்சகர் பாத்த படத்துக்கு வருவோம். அதுல ஹீரோவ ஹெலிகாப்டர்ல இருந்து சுடுறாங்க, லாரியால இடிக்கிறாங்க, பில்டிங் மேல இருந்து தள்ளி விடுறாங்க, மனுஷன் கூலிங் கிளாஸ் கூட கழண்டு விழாம எந்திரிச்சு வர்றார். இது வீடியோ கேம் மாதிரியா? கேம்ல ஹீரோ செத்துக்கிட்டே இருப்பான் சார், அது தான் அவனுக்கு வேலையே. ஒரு ஸ்டேஜ முடிக்க நாப்பது தடவ சாவான். சாகவே சாகாத ஹீரோவ கண்டுபிடிச்சது சினிமா தான், பழிய தூக்கி எங்க மேல போடுறீங்க. கண்டிப்பா திட்டி தான் ஆகணும்னா ‘சீட் கோடு போட்டு ஆடுன வீடியோ கேம் மாதிரி இருக்கு’னு எழுதுங்க, நான் மொத ஆளா கை தட்டுறேன்.

சீட் கோடுனா என்னனு தெரியாதவங்களுக்கு சொல்லிடுறேன், கேம ஏமாத்தி சுலபமா ஆட டைப் பண்ணுற ரகசிய வார்த்தை. நான் காலேஜ் படிக்கும்போது எங்க தெருமுனைல ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு பதினஞ்சு ரூபா, நெட் பாக்க வர்றவங்கள விட வைஸ் சிட்டிங்கிற கேம ஆட வர்றவங்க தான் ஜாஸ்தி. அங்க கீபோர்டுக்கு கீழ ஒரு நோட்டுப் பேப்பர் ஒட்டிருக்கும், ஆஸ்பிரின்னு டைப் பண்ணுனா உடம்பு ஃபுல்லா தேறிடும், பேன்சர்னு அடிச்சா வானத்துல இருந்து டேங்கு வந்து விழும், லீவ்மீஅலோன்னு அடிச்சா போலீஸ் திரும்பிப் போயிரும். மொத ரெண்டு நாள் சொர்க்கம். மூணாவது நாள் டேங்குல ஊரையே நசுக்கிட்டு இருக்கும்போது எனக்கு கொட்டாவி வந்துச்சு, சத்தியமா. பக்கத்து சிஸ்டத்துல ஒரு பையன் கோடே போடாம ஒரே மிஷன்ல மூணு நாளா செத்துக்கிட்டு இருந்தான், நாங்க எல்லாம் எங்க ஆட்டத்த விட்டுட்டு அவன் சேருக்கு பின்னாடி போயி நின்னுட்டோம். அவன் ஜெயிச்சப்ப கடைக்காரர் ஒரு மணி நேரம் ஃப்ரீ குடுத்தார். அதே கடைக்காரர் தான் ஒரு ஞாயித்துக்கிழமை விண்டோஸ் மாத்துறேன்னு எங்க எல்லாரோட சேவ் ஃபைலையும் அழிச்சார், அத இப்ப பேசுனா லெட்டர் வேற பக்கம் போயிரும்.

வைஸ் சிட்டிக்குள்ள எவ்வளவு சினிமா இருக்குனு அப்ப எங்களுக்கு தெரியாது. 2002-ல வந்த கேம் அது, ஸ்காட்லாந்து எடின்பரோல இருக்குற ஸ்டூடியோ பண்ணுனது, ஆனா கதை நடக்குறது 1986-ல மயாமி மாதிரி ஒரு ஊர்ல. ஹீரோ டாமிக்கு குரல் குடுத்தது ரே லியோட்டா, ஸ்கார்சீஸியோட குட்ஃபெல்லாஸ் படத்துல ஹென்றி ஹில்லா வந்தாரே அவர் தான். 2022-ல அவர் செத்துட்டார்னு நியூஸ் வந்தப்ப எங்க காலேஜ் வாட்ஸப் குரூப்புல பாதி பேர் டாமி போயிட்டான்டானு தான் போட்டாங்க, அவர் முகத்த எவனும் பாத்தது கூட இல்ல, குரல் மட்டும் தான் பழக்கம். டாமி குடியிருக்குற மாளிகை, அந்த படிக்கட்டு, சிவப்பு கார்பெட், எல்லாம் அப்படியே 1983-ல வந்த ஸ்கார்ஃபேஸ் பட க்ளைமாக்ஸ் வீடு. நான் அந்தப் படத்த ரொம்ப லேட்டா தான் பாத்தேன், அல் பசினோ படிக்கட்டு மேல வந்து நின்னதும் ‘ஏய் இது நம்ம வீடுல’னு என் வாய்ல வந்துச்சு.

அந்த கேம்ல சினிமா டைரக்டரா ஒரு கேரக்டர் வரும், அதுக்கு குரல் டென்னிஸ் ஹாப்பர். அதே டென்னிஸ் ஹாப்பர் தான் 1993-ல மரியோ கேம படமா எடுத்தப்ப வில்லன் கூப்பாவா நடிச்சவர். இந்த ரெண்டு வேலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா போதும், எங்க தப்பு நடக்குதுனு புரியும். சினிமாவ ரசிச்சுப் பாத்த கேம்காரங்க வைஸ் சிட்டி பண்ணுனாங்க. கேம தொட்டுக் கூட பாக்காத மாதிரி எடுத்தது அந்த மரியோ படம். கேம்ல மரியோ குதிப்பான், காளான் சாப்டு பெருசாவான், பைப்புக்குள்ள போவான், பாக்க செம ஜாலியா இருக்கும். படத்துல இருட்டு ஊரு, ஒழுகுற குழாய், டைனோசர் வம்சம், பாப் ஹாஸ்கின்ஸ் மாதிரி ஒரு நல்ல நடிகர் பாவமா முழிச்சுட்டு நிக்கிறார். அடுத்த வருஷம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேமும் படமா வந்துச்சு, வான் டேம் நடிச்சது, அதுல எனக்கு புடிச்ச ஒரே ஆள் வில்லன் பைசனா வந்த ரால் ஜூலியா, படம் ரிலீஸ் ஆகும்போது அவர் உயிரோட இல்ல, உடம்பு முடியாம இருக்கும்போது நடிச்சதுனு தெரிஞ்சப்புறம் பாத்தா ஒவ்வொரு சீன்லயும் மனுஷன் எவ்வளவு சந்தோசமா பண்ணிருக்கார்னு தோணும்.

கேம்காரங்க மட்டும் யோக்கியமானு கேப்பீங்க. இல்ல தான். 1982-ல ஸ்பீல்பெர்க்கோட ஈ.டி. படத்த அடாரி கம்பெனி அஞ்சு வாரத்துல கேமா பண்ணி கிறிஸ்துமஸுக்கு தள்ளுனாங்க, ஈ.டி. பள்ளத்துல விழுறதும் எந்திரிக்கிறதும் தான் மொத்த ஆட்டமும், கடைசில விக்காத கேசட்டுல கொஞ்சத்த நியூ மெக்ஸிகோல ஒரு குப்ப மேட்டுல கொண்டு போயி பொதச்சாங்க, 2014-ல தோண்டி வேற எடுத்தாங்க. அதனால தப்பு ரெண்டு பக்கமும் இருக்கு, நான் ஒத்துக்குறேன்.

ஆனா நான் சொல்ல வர்றது வேற. கேமோட கதை கேமோட கதைல இல்ல சார், கைல இருக்கு. இத எனக்கு சொல்லிக் குடுத்தது பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. 2010-ல வந்த படம் இல்ல, 1989-ல ஜோர்டன் மெக்னர்னு ஒருத்தர் கிட்டத்தட்ட தனி ஆளா பண்ணுன ஒரிஜினல். தன்னோட தம்பிய ஓடவிட்டு, குதிக்கவிட்டு, சுவத்தப் புடிச்சு தொங்கவிட்டு வீடியோ எடுத்து, அத ஒவ்வொரு ஃபிரேமா கம்ப்யூட்டர்ல வரைஞ்சார். கத்திச் சண்டைக்கு 1938-ல வந்த ராபின் ஹூட் பட க்ளைமாக்ஸ் சண்டைய பாத்து வரைஞ்சார். பாருங்க, இதுக்கு வேரே சினிமா தான்.

எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல அது இருந்துச்சு. இளவரசியக் காப்பாத்த அறுபது நிமிஷம் தான் டைம், செத்தாலும் கடிகாரம் நிக்காது. நாலாவது லெவல்ல போற வழிய மறிச்சு ஒரு கண்ணாடி நிக்கும். வேற வழியே இல்ல, ஓடி வந்து கண்ணாடிக்குள்ள குதிக்கணும். குதிச்சா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நம்ம நிழல் தனியா பிரிஞ்சு ஓடிரும், நமக்கு உயிர் ஒரே ஒரு புள்ளி தான் மிச்சம் இருக்கும். அதுல இருந்து அந்த நிழல் நம்மள படுத்துற பாடு இருக்கே, நாம குடிக்கப் போற மருந்த அது குடிச்சிரும், நாம தாவப் போற நேரத்துல கதவ மூடி பள்ளத்துல தள்ளிரும். பன்னெண்டாவது லெவல்ல அது கத்தியோட நேருக்கு நேரா வந்து நிக்கும். நாங்களும் வெறியோட குத்துனோம். நாம அத குத்துனா நமக்கு உயிர் குறையுது, அது செத்தா நாமளும் சாகுறோம். எத்தன லேப் பீரியட் போச்சுனு கணக்கே இல்ல, மிஸ்ஸு வந்தா ஸ்கிரீன மாத்திட்டு எக்செல் பாக்குற மாதிரி உக்காந்திருப்போம். ஒரு நாள் என் கூட்டாளி கை வலிக்குதுனு கடுப்புல கீழ் அம்புக்குறிய அழுத்திட்டான், இளவரசன் கத்திய உறைல போட்டுட்டான். எதிர்ல நிழலும் கத்திய உள்ள போட்டுச்சு. நாங்க மூச்சு கூட விடல. மெதுவா நடந்து போயி அதோட மோதுனான், ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாங்க.

நிழல ஜெயிக்கிறதுக்கு வழி கத்திய கீழ போடுறது தான்னு ஒரு டயலாக் கூட இல்ல, மியூசிக் ஏத்தி இறக்கல, ஃபிளாஷ்பேக்ல தாத்தா வந்து தத்துவம் பேசல. எங்க விரலே கண்டுபிடிச்சது. அப்ப எங்களுக்கு பதிமூணு வயசு. இத எப்படி சார் படமா எடுக்குறது? எடுத்தாங்க, 2010-ல, பெரிய காசு போட்டு, ஜேக் ஜில்லன்ஹால் நல்லா தான் தாவுறார். அந்தப் படத்துல நேரத்த பின்னாடி திருப்புற கத்தி வரும், அது 2003-ல வந்த இன்னொரு பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கேம்ல இருந்து எடுத்தது. கேம்ல நாம பள்ளத்துல விழுந்துட்டே இருக்கும்போது பட்டன அமுக்கிப் புடிச்சா விழுந்தது அப்படியே ரிவர்ஸ்ல மேல வரும், அந்த நொடில நெஞ்சுக்குள்ள ஒரு ‘ஹப்பாடா’ வரும் பாருங்க. படத்துல அதையே ஹீரோ அமுக்குறார், நான் பாப்கார்ன கைல வச்சுக்கிட்டு அவர் அமுக்குறத பாக்குறேன். பக்கத்து எலைல பாயசம் ஊத்துறத பாத்த கதை தான். 2023-ல வந்த மரியோ கார்ட்டூன் படம் நூறு கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணுச்சு, என் அக்கா பையன் சீட்ட விட்டு எந்திரிச்சு ஆடுனான், கலர் எல்லாம் அருமை, குறையே சொல்ல முடியாது, ஆனா எனக்கு என்னவோ படம் பூரா கட்டவிரல் சும்மா துடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

நடுவுல சோனிக் கேம படமா எடுத்த கூத்து ஞாபகம் வருது. 2019-ல டிரைலர் விட்டாங்க, நீலக் கலர் முள்ளெலிக்கு மனுஷப் பல்ல வச்சு. ஊரே கழுவி ஊத்துனதும் ரிலீஸ தள்ளிப் போட்டு உருவத்தையே திருத்தி 2020 பிப்ரவரில விட்டாங்க. ரசிகன் சொன்னா கேக்கணும்னு அத ஒரு வெற்றியா பேசுறாங்க, எனக்கு என்ன தோணுதுனா அந்தப் பல்ல மொத மொத ஓகே பண்ணுன மீட்டிங்குல கேம் ஆடுற ஒருத்தர் கூடவா இல்ல.

இப்ப எதிர்ப்பக்கம் வர்றேன். கைல இருக்குற உணர்வ திரைக்கு கொண்டு வந்தவங்களும் இருக்காங்க, என்ன விசேஷம்னா அவங்க எந்த கேமையும் படமா எடுத்தவங்க இல்ல. டாம் குரூஸோட எட்ஜ் ஆஃப் டுமாரோ, 2014. மனுஷன் போர்க்களத்துல இறங்குனதும் சாவான், மறுபடி முழிப்பான், போன தடவ எங்க குண்டு விழுந்துச்சுனு ஞாபகம் வச்சு ரெண்டடி தள்ளி நிப்பான், அடுத்த குண்டுல சாவான். கான்ட்ரா சார் அது, அச்சு அசல் கான்ட்ரா! அப்புறம் நம்ம மாநாடு, 2021. துபாய்ல இருந்து கோயம்புத்தூர் வர்ற ஃபிளைட்டுல சிம்பு கண்ணு முழிக்கிற இடம் தான் சேவ் பாயிண்ட், செத்தா அங்கயே திரும்ப வரணும், ஒவ்வொரு தடவையும் ஒரு படி கூடப் போகணும். எஸ்.ஜே. சூர்யாவும் அதே சுழற்சிக்குள்ள வந்து மாட்டுனதும் தியேட்டர்ல நான் பக்கத்துல இருந்தவன் தொடைல ஓங்கி அடிச்சிட்டேன், அவன் யாருனே தெரியாது. வில்லன் கைல ரெண்டாவது ஜாய்ஸ்டிக் வந்துருச்சு பாருங்க! ‘வந்தான், சுட்டான், செத்தான், ரிப்பீட்டு’னு அவர் கடுப்பாகுறது நடிப்புனே எனக்கு தோணல, ஒரே ஸ்டேஜுல ரெண்டு மணி நேரமா மாட்டுன எவனும் அப்படித்தான் பேசுவான். உண்மையா வீடியோ கேம் மாதிரி இருந்த தமிழ்ப் படம்னா எனக்கு அது தான், ஆனா அத யாரும் அப்படி திட்டல, நல்ல திரைக்கதைனு பாராட்டுனாங்க. டாப்ஸி நடிச்ச கேம் ஓவரும் (2019) அந்த வகை தான், அதுல பச்ச குத்துனது எல்லாம் லைஃப் கணக்கு, ஆனா அத ராத்திரி தனியா உக்காந்து பாத்துட்டேன், அதனால மறுபடி பாத்து விளக்கமா எழுதுற தைரியம் இல்ல.

கிராஃபிக்ஸ் விஷயமும் ஒண்ணு சொல்லிடுறேன். 2014-ல கோச்சடையான் வந்தப்ப என் ஆபீஸ்ல எல்லாரும் வீடியோ கேம் மாதிரி இருக்குனு சிரிச்சாங்க. அந்த முயற்சிய நான் குறை சொல்லல, நம்ம ஊர்ல மோஷன் கேப்சர்ல, அதாவது நடிகரோட அசைவ கம்ப்யூட்டர்ல பதிஞ்சு, ஒரு முழுப் படம் எடுக்க துணிஞ்சதே பெருசு. ஆனா அதுக்கு முந்தின வருஷம், 2013-ல, தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேம் வந்தாச்சு. அதோட மொத கால் மணி நேரத்துல ஒரு அப்பா தன் பொண்ண தூக்கிட்டு ஓடுறார், அந்தப் பொண்ணு அவர் மடிலயே அடங்குது, அப்ப அந்த அப்பா மொகம் போற போக்க பாத்துட்டு என் ரூம்மேட், கேம்னாலே எளக்காரமா பேசுறவன், எந்திரிச்சு பால்கனிக்கு போயி நின்னுட்டான். அதனால அந்த வருஷம் யாராவது ஒரு படத்த வீடியோ கேம் மாதிரி இருக்குனு சொல்லிருந்தா அது பாராட்டா தான் இருந்திருக்கணும்.

அந்த கேமோட கடைசில ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர் வரும். கதைய முழுசா சொல்ல மாட்டேன், சீரியலா பாக்கப் போறவங்க இருப்பீங்க. ஹீரோ ஜோயல், ஆரம்பத்துல பொண்ண தூக்கிட்டு ஓடுன அதே அப்பா, ஒரு டாக்டர் முன்னாடி துப்பாக்கியோட நிக்கிறான், டாக்டர் கைல சின்னக் கத்தி. அந்த இடத்துல கேம் நமக்காக காத்துக்கிட்டு நிக்கும். நான் சுடல. ரூம சுத்துனேன், மத்த நர்ஸுங்கள பாத்தேன், வேற கதவு இருக்கானு தேடுனேன், பத்து நிமிஷம் இருக்கும். வேற வழியே கெடையாது, நான் பட்டன அமுக்குனா தான் கதை நகரும். அமுக்குனேன். இன்னைக்கும் அது ஜோயல் பண்ணுன கொலைனு எனக்கு முழுசா சொல்ல வரல. 2023-ல சீரியலா வந்துச்சு, பெட்ரோ பாஸ்கல் பிரமாதம், அதே சீன அதே மாதிரி எடுத்திருந்தாங்க, நான் சோபால சாஞ்சு உக்காந்து அடப்பாவினு பாத்தேன். கொலைகாரன் அவன், நான் வெறும் சாட்சி. ஆனா அதே சீரியலோட மூணாவது எபிசோடு இருக்கே, அதுக்கு நான் தலவணங்குறேன். கேம்ல ஃப்ராங்க்னு ஒரு ஆள பொணமா தான் பாப்போம், கூட கசப்பா ஒரு லெட்டர் கெடைக்கும். சீரியல்ல அந்த ஃப்ராங்குக்கும் அவரோட துணை பில்லுக்கும் ஒரு முழு வாழ்க்கையவே குடுத்துட்டாங்க, தோட்டத்துல ஸ்ட்ராபெர்ரி விளைய வச்சு சாப்புடுறாங்க, பியானோ வாசிக்கிறாங்க, கிழவங்களாகுறாங்க. கேம் தொடாத இடத்த சினிமா தொடுறது அது தான், காப்பி அடிக்காம.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சிக்கிறேன். கனடா டொராண்டோல இருக்குற ஒரு சின்ன ஸ்டூடியோ 2023-ல வெண்பானு ஒரு கேம் விட்டாங்க. துப்பாக்கி இல்ல, சண்டை இல்ல, எண்பதுகள்ல கனடாவுக்கு போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா பேரு வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். ஆட்டமே சமையல் தான், ஊர்ல இருந்து கொண்டு வந்த அம்மாவோட சமையல் நோட்டு கிழிஞ்சு எழுத்து அழிஞ்சு போயிருக்கும், நாம யோசிச்சு சமைக்கணும். அடுப்படில பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும், அந்தந்தக் காலத்து நம்ம சினிமாப் பாட்டு மாதிரியே புதுசா போட்டது, கேட்டா எந்தப் படம்டானு மூளை தேடும். 2024-ல பிரிட்டன்ல குடுக்குற பாஃப்டா விருதுகள்ல அறிமுகப் படைப்புக்கான விருது வாங்குச்சு. நான் மொத இட்லி சுடுற கட்டத்துல தட்ட தப்பா அடுக்கிட்டு முழிச்சுட்டு இருந்தேன். முப்பது வருஷமா டிவி கேம் வயர புடுங்குன எங்கம்மா, பின்னாடி துணி மடிச்சுட்டு இருந்தவங்க, கண்ணாடிய மேல ஏத்திட்டு ஸ்கிரீன எட்டிப் பாத்தாங்க. ‘குழி மேல குழி வைக்காதடா, மாத்தி வை, ஆவி எப்படி போகும்’னாங்க. மாத்தி வச்சேன், சரியா வந்துச்சு. அப்புறம் துணிய ஓரமா தள்ளிட்டு ஸ்டூல இழுத்துப் போட்டு பக்கத்துல உக்காந்துட்டாங்க, அன்னைக்கு ராத்திரியே முடிச்சோம், ரெண்டு மணி நேரம் கூட இல்ல. நடுவுல எழுந்து போயி கொஞ்ச நேரம் கழிச்சு வந்தாங்க, மூக்கு செவந்திருந்துச்சு, நான் ஒண்ணும் கேக்கல. ‘இது என்ன படம்’னு மட்டும் கேட்டாங்க.

படம் இல்லம்மா கேம்னேன். சரி அடுத்தது எப்ப போடுவன்னாங்க.

அதனால ஆசிரியர் சார், என் கோரிக்கை சின்னது தான். உங்க விமர்சகர் நல்லா எழுதுறார், அவர் ரசனை மேல எனக்கு மரியாதை உண்டு, எந்தக் கோவமும் இல்ல. அடுத்த தடவ அந்த வார்த்தைய எழுதுறதுக்கு முன்னாடி அவர ஒரு சாயங்காலம் எங்க வீட்டுக்கு அனுப்புங்க. டீயும் முறுக்கும் என் பொறுப்பு. பழைய கான்ட்ராவ எடுத்து வைக்கிறேன், அந்த அருவி ஸ்டேஜ மூணு லைஃப்ல தாண்டிட்டார்னா அவர் எந்தப் படத்த வேணா எப்படி வேணா திட்டட்டும், நான் வாய் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை.

பி.கு: அனுப்புறதுக்கு முன்னாடி இத அக்காவுக்கு ஃபோன்ல படிச்சுக் காட்டுனேன். எல்லாம் சரியாம், அருவி விஷயம் மட்டும் பொய்யாம். அவ எனக்காக எல்லாம் நிக்கலையாம், ஜாய்ஸ்டிக்ல குதிக்கிற பட்டன் அன்னைக்கு அமுங்கிப் போயிருந்துச்சாம். இத வேணா போடாதீங்க.